பேச்சைத் தொழிலாக்க நினைப்பவருக்கு முதல் மேடைகள் எங்கே கிடைக்கும்?

கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் கேட்டிருக்கிறார்: "பள்ளியிலும் கல்லூரியிலும் பேச்சுப் போட்டிகளில் நிறையப் பரிசு வாங்கியிருக்கிறேன். தொழில்முறைப் பேச்சாளராக வர ஆசை. எங்கே போய்க் கேட்பது, யாரைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. ஆரம்பத்தில் எவ்வளவு பணம் கேட்கலாம்? வேலையை விடலாமா?"

பரிசுகள் வாங்கியது நல்ல தொடக்கம். கூச்சம் போயிருக்கும், குரல் பழகியிருக்கும். ஆனால் போட்டியில் தலைப்பை அவர்களே கொடுத்துவிடுவார்கள், ஐந்து நிமிடம் நன்றாகப் பேசினால் போதும். தொழிலில் உங்களை அழைப்பவர் ஒரு விழாவை நடத்திக்கொண்டிருப்பவர். அவருக்கு அந்த மாலை நல்லபடியாக முடிய வேண்டும். கூட்டம் பாதியில் கலையக் கூடாது, நேரம் இழுக்கக் கூடாது, மறுநாள் நாலு பேர் "நல்ல ஆளைக் கூப்பிட்டீங்க" என்று சொல்ல வேண்டும். அவர் கையில் ஒரு தேதி இருக்கிறது, அந்தத் தேதிக்கு ஓர் ஆள் வேண்டும். வாய்ப்பு தேடுவது என்றால் அப்படிப்பட்ட தேதிகளைத் தேடுவதுதான். திறமை இருந்தும் பலர் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம், "யாராவது என் வீடியோவைப் பார்த்துக் கூப்பிடுவார்கள்" என்று காத்திருப்பது.

தமிழ்நாட்டில் ஒரு வருடத்தில் எத்தனை மேடைகள் போடுகிறோம் என்று ஒருமுறை மாத வாரியாக எழுதிப் பாருங்கள், மலைப்பாக இருக்கும். ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் ஆண்டு ஜூலை 1-ல் பிறக்கிறது. ஒவ்வொரு சங்கத்துக்கும் புதுத் தலைவர் வருவார், அதையொட்டிப் பதவியேற்பு விழா நடக்கும், அங்கே ஒரு சிறப்புரை உண்டு. அதைவிட முக்கியமான விஷயம், பல ரோட்டரி சங்கங்கள் வாராவாரம் கூடுகின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் இருபது, முப்பது நிமிடம் பேச ஆள் வேண்டும். அந்தச் சங்கத்தில் அதற்கென்று பொறுப்பில் இருப்பவர் அடுத்த வாரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று எப்போதும் யோசித்துக்கொண்டே இருப்பார். பணம் பெரும்பாலும் கிடையாது. ஆனால் அந்த அறையில் மில் முதலாளி, பள்ளித் தாளாளர், மருத்துவர், ஆடிட்டர் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். பணம் தரும் அடுத்த மேடை அங்கிருந்துதான் வரும்.

ஜூலை 15 காமராசர் பிறந்த நாள் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். அதையொட்டிய வாரங்களில் இலக்கிய மன்றத் தொடக்க விழாக்கள் வரும். கோவையில் கொடிசியா வளாகத்துப் புத்தகத் திருவிழா ஜூலையில், ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் திருவிழா ஆகஸ்டில். இப்போது அரசே மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்துகிறது. மாலை நேரத்துப் பேருரைகள் அறிமுகமான பெயர்களுக்குப் போகும், சரி. ஆனால் பகலில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு உள்ளூர் ஆட்களைத் தேடுவார்கள். செப்டம்பர் 5 ஆசிரியர் நாள், 15 பொறியாளர் நாள். அக்டோபர் கடைசியில் பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் ஊழல் தடுப்பு விழிப்புணர்வு வாரம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம், இதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறேன். டிசம்பர் 11 பாரதி பிறந்த நாள், ஜனவரி 12 விவேகானந்தர் பிறந்த நாளான தேசிய இளைஞர் நாள். ஜனவரி முதல் மார்ச் வரை ஆண்டு விழாக்கள். மார்ச் 4-ல் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு வாரம் தொடங்கும், மார்ச் 8 பெண்கள் நாள்.

இந்தத் தேதிகளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கேட்டால் யாரையாவது முடிவு செய்திருப்பார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டால் "பார்ப்போம்" என்று சொல்லி மறந்துவிடுவார்கள். ஐந்து, ஆறு வாரத்துக்கு முன்னால் போய் நின்றால்தான் பேச்சு நடக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசி நேரத்தில் பேச்சாளர் வராமல் போவது எல்லா ஊரிலும் நடப்பது. "சார் வர முடியாதுன்னுட்டார், நாளைக்குச் சாயங்காலம் வர முடியுமா?" என்று வரும் போனுக்குச் சரி சொல்லித் தயாராகப் போய் நிற்பவரை நடத்துபவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். புதியவர்களுக்குப் பெரிய மேடை கிடைப்பது பல நேரம் இந்த வழியில்தான். அதற்காகவே எந்த நேரமும் தயாராக ஓர் அரை மணி நேர உரை உங்களிடம் இருக்க வேண்டும்.

சரி, எதைப் பற்றிய உரை? இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். "தன்னம்பிக்கை", "வெற்றிக்கு வழி", "உன்னால் முடியும்" என்று எழுதிக்கொண்டு போகாதீர்கள். அந்தத் தலைப்புகளில் ஏற்கெனவே பேசுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர். நீங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப்., வருமான வரி, கடன் தவணை இதெல்லாம் உங்கள் கையில் தினமும் புரள்கிறது. கல்லூரி கடைசி ஆண்டு மாணவர்களுக்கு "முதல் சம்பளம் வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு" என்று ஒரு மணி நேரம் பேச முடியுமா? மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கடன் செயலிகளில் எப்படிச் சிக்குகிறார்கள், சிக்கியவர் உடனே என்ன செய்ய வேண்டும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு எப்போது அழைக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா? ஓய்வு பெறப்போகும் தொழிலாளர்களுக்கு, வரப்போகும் மொத்தப் பணத்தை யார் யாரெல்லாம் குறிவைப்பார்கள் என்று விளக்க முடியுமா? இந்த மூன்றும் உண்மையிலேயே ஆள் கிடைக்காத தலைப்புகள். ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் நிதிக் கல்வி வாரம் நடத்துகிறது. அந்த நேரத்தில் வங்கிகளுக்கும் கல்லூரிகளுக்கும் இப்படிப் பேசுகிறவர்கள் தேவை.

ஒரே ஒரு எச்சரிக்கை. இன்ன பங்கை வாங்குங்கள், இன்ன ஃபண்டில் போடுங்கள் என்று மேடையில் சொல்லாதீர்கள். குறிப்பிட்ட முதலீட்டு ஆலோசனையைத் தொழிலாகச் சொல்வதற்கு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பொதுவான நிதிக் கல்வியோடு நின்றுகொள்ளுங்கள்.

மேடைக்கு மேடை நிற்கும் பெயர்களைப் பாருங்கள். சாலமன் பாப்பையாவும் கு. ஞானசம்பந்தனும் மதுரைக் கல்லூரிகளில் தமிழ்ப் பேராசிரியர்களாக இருந்தவர்கள். திண்டுக்கல் லியோனி பள்ளி ஆசிரியராக இருந்தவர். பாரதி பாஸ்கர் வேதிப் பொறியியல் படித்து வங்கியில் பணிபுரிந்தவர். வகுப்பறையும் அலுவலகமும் அவர்கள் பேச்சுக்குள் வந்துகொண்டே இருக்கும். கூட்டம் அதற்குத்தான் காது கொடுக்கிறது.

முதல் மேடைகளுக்கு நான் நூலகத்தைத்தான் சொல்வேன். மாவட்ட மைய நூலகத்திலும் பல கிளை நூலகங்களிலும் வாசகர் வட்டம் உண்டு. நூலகரைப் போய்ப் பாருங்கள். நூலக வாரத்தில் அவருக்கு ஏழு நாளும் ஏதாவது நிகழ்ச்சி நடத்தியாக வேண்டும், கையில் காசு இருக்காது. நீங்கள் படித்த ஒரு நல்ல புத்தகத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிறேன் என்று சொன்னால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார். இருபது பேர்தான் வருவார்கள், அதில் பாதிப் பேர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். அவர்களைப் போலக் கூர்மையாகக் கேட்கிற கூட்டம் வேறு எங்கும் கிடைக்காது. ஒரு ஆண்டு தப்பாகச் சொன்னால் முடிந்ததும் வந்து திருத்துவார்கள். அவர்களில் யாரோ ஒருவர் ஏதாவது ஒரு பள்ளியின் விழாக் குழுவிலோ இலக்கிய அமைப்பிலோ இருப்பார், உங்கள் எண்ணை வாங்கிக்கொள்வார்.

கல்லூரிகளில் என்.எஸ்.எஸ். எனும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் அலுவலரைப் பிடியுங்கள். தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்துவார்கள். தினமும் ஒரு கருத்துரையாவது இருக்கும், ஊருக்குள் போய் மாணவர்களோடு தரையில் உட்கார்ந்து பேச வருகிறவர்கள் குறைவு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளில் தன்னார்வலராகச் சேர்ந்தாலும் கிராமத்துக் கூட்டங்களில் பேசும் பழக்கம் வரும். மைக் இல்லாமல், நாய் குரைக்க, பேருந்து ஹாரன் அடிக்க, அதற்கு மேலே உங்கள் குரல் போக வேண்டும். அந்தப் பயிற்சி எந்த வகுப்பிலும் கிடைக்காது.

பயிற்சி என்றதும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் பற்றிக் கேட்பார்கள். 1924-ல் கலிபோர்னியாவில் ஒரு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் தொடங்கிய அமைப்பு, இன்று நம் ஊர்களிலும் இருக்கிறது, தமிழில் நடக்கும் கிளைகளும் உண்டு. அங்கே கிடைக்கும் நன்மை நேரக் கட்டுப்பாடும் விமர்சனமும். ஐந்து முதல் ஏழு நிமிட உரைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டுவார்கள், 'வந்து... ஆ...' என்று எத்தனை முறை இழுத்தீர்கள் என்று ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் எழுந்து உங்கள் உரையை அலசுவார். போய்ச் சேருங்கள். ஆனால் அங்கே கேட்பவர்கள் எல்லோரும் உங்களைப் போலவே பேசப் பழக வந்தவர்கள், கைதட்டல் தாராளமாக வரும். அதை வைத்து வெளிக் கூட்டத்தை எடை போடாதீர்கள். தொழில் என்று பார்த்தால் ஜேசீஸ் அமைப்பு நேரடியாக உதவும். பதினெட்டு முதல் நாற்பது வயதுக்காரர்களுக்கான அமைப்பு அது. அதில் பயிற்சியாளர்களை உருவாக்கவே தனி ஏற்பாடு உண்டு. மண்டலப் பயிற்சியாளர், தேசியப் பயிற்சியாளர் என்று படிப்படியாக ஏறலாம். இன்று தொழிற்சாலைகளிலும் கல்லூரிகளிலும் பயிலரங்கு எடுக்கும் பலர் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். உங்கள் வயதுக்கு அது இப்போதே சேர வேண்டிய இடம்.

இனி, நேரில் அணுகும் விதம். இரண்டு பக்கத்துக்கு மேல் தன்விவரம் வேண்டாம். மேலே உங்கள் பெயர், ஊர், வேலை, தெளிவான ஒரு படம். நடுவில் மூன்று தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் இது யாருக்கு, எவ்வளவு நேரம், கேட்டுவிட்டுப் போகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று இரண்டு வரி. கீழே பேசிய இடங்கள். தனியாக ஒரு தாளில் தொகுப்பாளர் வாசிக்க நான்கு வரி அறிமுகம், பெயரின் உச்சரிப்பு தவறாதபடி. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த நான்கு வரி இல்லாததால் தொகுப்பாளர் பத்து நிமிடம் தன் சொந்தக் கவிதையால் உங்களை அறிமுகப்படுத்திவிட்டு, உங்கள் நேரத்தை விழுங்கிவிடும் விழாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு வீடியோ, மூன்று நிமிடம் போதும். பின்னணி இசை, பறக்கும் எழுத்து எதுவும் வேண்டாம். உண்மையான கூட்டத்தின் முன் வெட்டாமல் ஓடும் மூன்று நிமிடம், கேட்பவர்கள் சிரிப்பதோ சட்டென்று அமைதியாவதோ அதில் தெரிய வேண்டும். படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, ஒலி கேட்க வேண்டும். மைக் செட்காரரிடம் மரியாதையாகக் கேட்டால் மிக்ஸரிலிருந்து நேராக ஒலியை எடுத்துக்கொடுப்பார். முழு உரையையும் யூடியூபில் போடுவது பற்றி யோசித்துச் செய்யுங்கள். ஆரம்பத்தில் உங்களிடம் இருப்பதே மூன்று உரைகள். அவற்றை முழுதாக ஏற்றிவிட்டால் அடுத்த ஊரில் முன்வரிசைக்காரர் உங்கள் நகைச்சுவையை உங்களுக்கு முன்பே முடித்துவிடுவார். நான்கைந்து நிமிடத் துண்டுகளாகப் போடுங்கள், பலன் அதுவே போதுமானது.

பள்ளி ஆண்டு விழாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் முதல் 'கவர்', அதாவது உறையில் போட்டுத் தரும் பணம், அங்கேதான் கிடைக்க வாய்ப்பு அதிகம், புதியவர்கள் நிலைகுலைவதும் அங்கேதான். அழைப்பிதழில் மாலை 5 மணி என்று இருக்கும். தலைமை விருந்தினர் வர ஆறாகும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு, குத்துவிளக்கு, ஆண்டறிக்கை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, பிறகு பரிசளிப்பு. உங்கள் கைக்கு மைக் வரும்போது ஏழே முக்கால். திரைக்குப் பின்னால் பரதநாட்டிய உடையிலும் கிராமிய நடன உடையிலும் குழந்தைகள் காத்திருக்கிறார்கள், சிலர் தூங்கி வழிகிறார்கள். பெற்றோர் தங்கள் பிள்ளை ஆடுவதைப் பார்க்க வந்தவர்கள், உங்களைக் கேட்க வந்தவர்கள் இல்லை. முப்பது நிமிடம் என்று சொல்லித்தான் அழைத்திருப்பார்கள். அந்த இடத்தில் பன்னிரண்டு நிமிடத்தில் முடிப்பவர்தான் அடுத்த ஆண்டும் அழைக்கப்படுவார். மேடையில் இருப்பவர்கள் பெயரை வரிசையாக "அவர்களே, அவர்களே" என்று சொல்வதில் மூன்று நிமிடத்தைச் செலவழிக்காதீர்கள். முதல் வாக்கியத்திலேயே பெற்றோருக்கு உடனே தொடர்புள்ள ஒன்றைச் சொல்லுங்கள். அன்று பரிசு வாங்கிய ஒரு குழந்தையின் பெயரைக் குறித்துவைத்திருந்து பேச்சில் சேர்த்தால் அரங்கம் முழுக்க உங்கள் பக்கம் திரும்பும். ஒரு கதை, ஒரு செய்தி, வீட்டில் நாளைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம், அவ்வளவுதான். முடித்துவிட்டுத் தாளாளரிடம் "பிள்ளைங்க காத்திருக்காங்க, அதான் சீக்கிரம் முடிச்சேன்" என்று சொல்லுங்கள். எந்தப் பள்ளியும் இதை மறக்காது.

அதனால் ஒவ்வொரு உரையையும் பன்னிரண்டு, முப்பது, அறுபது நிமிடம் என்று மூன்று அளவில் தயாராக வைத்திருக்க வேண்டும். பெரிய உரையை வேகமாகச் சொல்வது சின்ன உரை ஆகாது. எந்தக் கதையை விடுவது, எங்கே நேராக முடிவுக்குப் போவது என்று முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும்.

கதை என்றதும் இன்னொரு விஷயம் மனதை உறுத்துகிறது. எடிசனின் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை அவருடைய தாயார் மாற்றிப் படித்துக் காட்டினார் என்ற கதையை நம் பள்ளி மேடைகளில் கேட்காதவர்களே இருக்க முடியாது. அந்தக் கடிதக் கதைக்கு ஆதாரம் கிடையாது. கலாம் சொன்னார், விவேகானந்தர் சொன்னார் என்று வாட்ஸப்பில் வருவதில் பாதி அவர்கள் சொல்லாதது. ஆயிரம் பிள்ளைகள் முன்னால் நின்று பேசுகிறோம், அதில் பத்துப் பேராவது அதைக் குறிப்பெடுத்து அடுத்த போட்டியில் பேசுவார்கள். சரிபார்க்காததை மேடையில் சொல்லாதீர்கள். உங்கள் அலுவலகத்தில், தெருவில், பேருந்தில் கண்டதைச் சொல்லுங்கள். அது உங்களுடையது, வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

பட்டிமன்றத்தில் நுழையும் வழி வேறு மாதிரி. அங்கே விழாக் குழு நடுவரிடம்தான் பேசும். ஒரு நடுவர், அணிக்கு இரண்டோ மூன்றோ பேர். மொத்தத் தொகையை நடுவர் பேசி முடித்து, குழுவுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் வட்டாரத்து நடுவர்களை. ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படிக் குழு நடத்துபவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் தமிழாசிரியர்கள். அவர்கள் நிகழ்ச்சிக்குப் போய் முழுவதும் உட்கார்ந்து கேளுங்கள், முடிந்ததும் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். புதியவரைப் பெரும்பாலும் முதல் பேச்சாளராக இறக்குவார்கள். அப்போது கூட்டம் நாற்காலி தேடிக்கொண்டிருக்கும், சுண்டல் விற்பனை நடந்துகொண்டிருக்கும். அதைத் தாண்டிக் கூட்டத்தை உட்கார வைத்துவிட்டால் நடுவர் உங்களை விட மாட்டார். அவர் மணி அடித்தால் உடனே உட்காருங்கள். எதிரணியில் பேசும் மூத்தவரைக் கிண்டல் செய்வதில் அளவு தெரிய வேண்டும். மாமியார் மருமகள் நகைச்சுவை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்லாமலும் சிரிக்க வைக்கலாம், அப்படிச் செய்கிற பெண் பேச்சாளர்களுக்கு இப்போது நல்ல தேவை இருக்கிறது.

இலக்கியத்தில் உண்மையான பிடிப்பு இருந்தால் கம்பன் கழகங்கள் இருக்கின்றன. காரைக்குடிக் கழகத்தை 1939-ல் சா. கணேசன் தொடங்கினார். அதைப் பின்பற்றிப் பல ஊர்களில் கழகங்கள் உருவாயின. பல கழகங்கள் மாணவர்களுக்குப் போட்டி நடத்தி அதிலிருந்து ஆட்களை மேடைக்குக் கொண்டுவருகின்றன. அங்கே பாடலை மனப்பாடமாக, சீர் பிரித்துச் சொல்லத் தெரியாமல் போய் நிற்க முடியாது. கோயில் மேடைகளும் அப்படியே. மார்கழியில் முப்பது நாளும் திருப்பாவை, திருவெம்பாவை உரை, கந்த சஷ்டிக்கு ஆறு நாள், குடமுழுக்கு முடிந்தால் மண்டல பூஜை நாற்பத்தெட்டு நாள், அதில் பல கோயில்களில் மாலைதோறும் ஏதாவது நிகழ்ச்சி. கோயில் அலுவலகத்தையும் அந்தந்த நாள் செலவை ஏற்கும் கட்டளைதாரரையும் பார்க்க வேண்டும். ஆனால் இது வருடக்கணக்கில் படித்து வர வேண்டிய துறை. வாய்ப்பு இருக்கிறதே என்பதற்காக நுழைய வேண்டாம்.

அகில இந்திய வானொலியையும் விட்டுவிடாதீர்கள். இளைஞர்களுக்கான இளையபாரதம் நிகழ்ச்சிக்கு நிலையத்தில் எழுதிக் கேட்கலாம். பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், கொடுத்த நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' தமிழ்நாடு முழுக்க வீட்டுக்குள் போனது அந்தச் சில நிமிட அளவில்தான்.

பணம் உண்மையிலேயே இருக்கும் இடம் நிறுவனப் பயிற்சி. கோவையிலும் திருப்பூரிலும் பம்பு ஆலை, ஃபவுண்டரி, நூற்பாலை, பின்னலாடை, மென்பொருள் என்று எல்லாம் இருக்கிறது. எச்.ஆர். அதிகாரி உங்களிடம் கேட்பது சொற்பொழிவை அல்ல. "எங்கள் சூப்பர்வைசர்கள் தொழிலாளர்களிடம் கத்துகிறார்கள், என்ன செய்யலாம்?" என்பது போல ஒரு பிரச்சினையோடு வருவார். அரை நாள், ஒரு நாள் அமர்வு, நடுவே செயல்பாடுகள், கடைசியில் கருத்துப் படிவம். தமிழில் இதைச் செய்யக்கூடியவர்கள் குறைவு. ஆங்கிலத்தில் படக்காட்சி போட்டுப் பேசுகிறவர்களால் ஆலைத் தளத்துக்குள் போக முடிவதில்லை. இங்கே உங்கள் தமிழுக்கு நேரடி மதிப்பு இருக்கிறது. சட்டமே உருவாக்கிய தேவைகளும் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ன்படி வேலை கொடுப்பவர் விழிப்புணர்வுப் பயிற்சிகள் நடத்த வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை முறையாகப் படித்தவர், தொழிலாளிப் பெண்களுக்குப் புரியும் தமிழில் சொல்லக்கூடியவர் என்றால் கதவு திறக்கும். முறையாகப் படிக்காமல் போனால் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குத் தவறான வழி காட்டிவிடும் ஆபத்து இருக்கிறது, அதை மட்டும் மனதில் வையுங்கள்.

எவ்வளவு கேட்பது? நூலகம், அரசுப் பள்ளி, என்.எஸ்.எஸ். முகாம் ஆகிய இடங்களில் கேட்காதீர்கள், போக்குவரத்துச் செலவு தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பொன்னாடையும் ஒரு புத்தகமும் கிடைக்கும். தனியார் பள்ளி, கல்லூரி, சங்கங்கள் கேட்டால் தொகையைச் சொல்லுங்கள். "உங்க விருப்பம்" என்ற பதில் இரு பக்கத்துக்கும் சங்கடம். கோவையிலிருந்து திண்டுக்கல்லில் ஒரு மாலை நிகழ்ச்சி என்றால் அரை நாள் விடுப்பு, போக வர செலவு, நள்ளிரவுக்கு மேல் வீடு திரும்புதல், மறுநாள் காலை அசதி. ஒன்றரை நாள் உங்கள் சம்பளத்தையும் பயணச் செலவையும் கூட்டினால் அதுதான் அடிமட்டத் தொகை. அதற்குக் கீழே போனால் நீங்கள்தான் கையிலிருந்து போடுகிறீர்கள். போனில் பேசியதை ஒரு வாட்ஸப் செய்தியாக அனுப்பிவிடுங்கள்: தேதி, இடம், நேரம், தலைப்பு, எத்தனை நிமிடம், மதிப்பூதியம், பயண ஏற்பாடு. பெண் என்பதால் இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், இரவு நிகழ்ச்சி என்றால் திரும்ப வாகனம் அவர்கள் பொறுப்பு. இதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். நல்ல விழாக் குழு அதைத் தானாகவே சொல்லும், சொல்லாத இடத்துக்கு யோசித்துப் போகலாம்.

நிறுவனங்கள் உங்களிடம் பில் கேட்கும், பான் எண் கேட்கும். ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். அதை வருமான வரிக் கணக்கில் ஈடு கட்டிக்கொள்ளலாம். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

பணம் கட்டச் சொல்லி மேடை தருகிறவர்களிடம் போகாதீர்கள். "சர்வதேசப் பேச்சாளர் விருது", "கௌரவ டாக்டர் பட்டம்" என்று பதிவுக் கட்டணம் வாங்கி, ஓட்டல் அரங்கில் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துக் கொடுக்கும் வியாபாரம் பெரிதாக நடக்கிறது. அந்தப் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டால், விவரம் தெரிந்த தாளாளர்கள் உங்கள் தன்விவரத்தை அந்த இடத்திலேயே மூடிவிடுவார்கள்.

வேலையை இப்போது விட வேண்டாம். மேலே சொன்ன பாப்பையா, ஞானசம்பந்தன், லியோனி, பாரதி பாஸ்கர் எல்லோருமே சம்பள வேலையில் இருந்துகொண்டே பேச்சில் வளர்ந்தவர்கள். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளியும் கல்லூரியும் இருக்காது. தேர்தல் அறிவித்தால் கூட்டங்கள் நின்றுபோகும். கொரோனா காலத்தில் மேடையை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தேன். உங்கள் பணி நியமன ஆணையில் வேறு வருமானம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள், தேவைப்பட்டால் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறும் விடுப்பு நாட்களும் முதல் இரண்டு ஆண்டுக்குத் தாராளமாகப் போதும். ஒருமுறை அழைத்த இடங்கள் நீங்கள் கேட்காமலே மறுபடி அழைக்கின்றனவா, நிறுவனப் பயிற்சியில் தொடர் ஒப்பந்தம் ஏதாவது இருக்கிறதா, வேலை நாட்களில் வரும் அழைப்புகளை விடுப்பு இல்லாததால் தொடர்ந்து மறுக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் நடந்து, ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியாகச் சேர்ந்திருந்தால் அப்போது வீட்டில் உட்கார்ந்து பேசலாம். இந்த வாரம் செய்ய வேண்டியது, பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போய் வாசகர் வட்டம் எந்த நாளில் கூடுகிறது என்று கேட்பது.